காபித் தட்டு

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுபோக மதுவந்தியிடம் புதுத் தட்டைக் கொடுத்தவள் அவளுடைய சொந்த அத்தைதான். "நல்லா அழுத்திப் பிடிடி, கொட்டிடப் போற" என்ற கரிசனம் வேறு. பிடிப்பவரின் விரல் மூட்டுகளைப் படமெடுத்து, வரப்போகும் நோயை மாப்பிள்ளை வீட்டுப் போனுக்கு அனுப்பும் தட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா போனைப் பார்த்தாள். "எட்டு வருஷத்துல முடக்குவாதம் வருமாமே!" என்று பாதிக் காபியோடு எழுந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளியே அதே கூட்டம், அத்தை மகளைப் பார்க்க, அத்தை வீட்டில். பஜ்ஜி போட மதுவந்திக்கும் அழைப்பு. அத்தைக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!

"அந்தத் தட்டு எங்கம்மா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"ரிப்பேருங்க சம்பந்தி" என்று மகளிடம் எவர்சில்வர் தட்டை நீட்டினாள் அத்தை.

சமையலறையில் கடலை மாவு தேடிய மதுவந்தியின் கைக்கு, அரிசி டிரம்முக்குப் பின்னால் அந்தத் தட்டு சிக்கியது. அதன் திரையில், கடைசியாகப் பிடித்துப் பார்த்த அத்தை மகளின் பெயரோடு, விரல் எலும்புகள் பளிச்சென்று தெரிந்தன. கீழே, 'ஆறு வருடத்தில் முடக்குவாதம்' என்றிருந்தது.