சீமாட்டிக்கு முப்பது பேர்

"நாலு மணிக்குள்ளை பார்வையாளர் கொப்பியிலை முப்பது கையெழுத்து விழுந்தால் கண்காட்சி ஒரு கிழமைக்கு இருக்கும். இல்லாட்டி நாளைக்கு இதிலை கேரம் போர்டுதான்," என்றார் சனசமூக நிலையத் தலைவர் பரமலிங்கம்.

உதயகலா கேட்டுக்கும் மண்டபத்துக்குமாக நடந்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி எடுத்த படங்களின் பிரதிகளைச் சுவரெல்லாம் மாட்டியிருந்தாள். ஓவியர்களையும் கவிஞர்களையும் சொந்தச் செலவில் வாழவைத்தவள் அந்தச் சீமாட்டி. மத்தியானம்வரை அவளைப் பார்க்க ஒரு காக்கை குருவிகூட வரவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். ஒருவரும் சத்தம்போட்டுக் கதைக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னும் தலைகுனிந்து நின்றுவிட்டு, கொப்பியில் கையெழுத்து வைத்தார்கள்.

"உரும்பிராய்ச் சனத்துக்கு இவ்வளவு ரசனையோ!" பரமலிங்கமே வாய்பிளந்தார்.

உதயகலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கொப்பியில் இருபத்தொன்பது பேர்.

அப்போது பராசக்தி மாமி மூக்கைச் சிந்தியபடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்.

"சந்தியிலை பெரிய படமாய்க் கட்டியிருக்கிறியள், பிறந்த திகதி, செத்த திகதி எல்லாம் போட்டு. பார்த்த உடனை விழுந்தடிச்சு வாறன். வெள்ளைக்காரி எண்டாலும் எங்கடை ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே, பாவம். ஆரின்ரை மருமகள், பிள்ளை?"

உதயகலா மணிக்கூட்டைப் பார்த்தாள். பேனையை நீட்டினாள்.

"எங்கடை லண்டன் பெரியப்பான்ரை மருமகள், மாமி. இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ."