கிணற்றில் ஒரே ஒரு கயிறு

கிணற்றில் ஒரே ஒரு கயிறுதான் தொங்கியது.

அல்டோனா வாசல் பக்கம் போகாமல் நேராகக் கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்ததே அந்தக் கயிறுகளுக்காகத்தான். முன்பெல்லாம் பக்கத்து வீட்டு ஜிக்மாஸின் இந்தக் கிணற்றில் இரண்டு கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கண்ணாடி ஜாடி, தண்ணீரைத் தொடாமல், அந்தக் குளிர்ச்சியில். ஒன்றில் ஜிக்மாஸின் ஈஸ்ட். இன்னொன்றில் அவளுடையது.

அவர்கள் ஊரில் பீரை வீட்டிலேயே காய்ச்சுவார்கள். அதைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டை பிர்ஜாய் டவுன் கடைத்தெருவில் பொட்டலமாக வாங்கி வருகிறவளை யாரும் மதிக்க மாட்டார்கள். அவரவர் ஈஸ்ட்டில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது வழக்கம். தன்னுடையது கெட்டுப்போனால், உறைமோர் கேட்கப் போவது போல ஒரு காலி ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனால் போதும்.

நன்றி மட்டும் சொல்லக் கூடாது. நன்றி சொல்லி வாங்கிய ஈஸ்ட் பொங்காது.

அல்டோனாவின் ஈஸ்ட் தானாகக் கெடவில்லை. அவளேதான் கொன்றாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால், அவள் மகள் ரூதாவின் கல்யாண விருந்தில், ஜிக்மாஸ் அவள் காய்ச்சிய பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்சுப்போச்சு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்று மாலையே அவள் வீட்டிலிருந்த தன் ஜாடியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டாள். அதோடு பீரும் போயிற்று, பக்கத்து வீட்டோடு பேச்சும் போயிற்று.

இப்போது ரூதாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். "உன் பீர் இல்லாம என்னம்மா விசேஷம்?" என்று மகள் போனில் கேட்டதும், வீம்பையெல்லாம் மறந்து பீப்பாயை நிமிர்த்திவிட்டாள். பார்லியை முளைகட்டி, காயவைத்து, அரைத்தும் ஆயிற்று. ஈஸ்ட்தான் பாக்கி. ஜிக்மாஸும் கோபத்தில் அவள் கயிற்றை அறுத்து எறிந்திருந்தால், அந்த ஈஸ்ட் இனி உலகத்தில் எங்கேயும் கிடையாது.

தொங்குவது யாருடைய கயிறு?

"கிணத்துல என்ன தேடுற? விழுந்து தொலைக்காதே. அந்தத் தண்ணியைத்தான் நாங்க குடிக்கணும்."

கொல்லைக் கதவருகில் ஜிக்மாஸ் நின்றிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையிலிருந்த கோப்பையில் மூலிகை டீ. இந்த நேரத்தில் பீர் இல்லாத கோப்பையோடு அந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை.

காலி ஜாடியை நீட்டினாள்.

அவர் வந்து, கோப்பையைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, கயிற்றை இழுத்தார். மேலே வந்த ஜாடியின் துணியை அவிழ்த்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தார்.

ஆரஞ்சுத் தோல் வாசனை. அதற்கு அடியில் சூடான கறுப்பு ரொட்டி.

அவளுடையதுதான். அல்டோனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடும் அவள் ஜாடிக்குள் உற்றுப் பார்த்தாள். வருடத்துக்கு ஒரு தடவையாவது புது பீரில் போட்டு எடுக்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். இதுவோ நேற்று எடுத்தது போல நுரைத்துக்கொண்டிருந்தது.

"அப்ப உங்களோட ஜாடி எங்கண்ணே?"

"அத விடு." பாதியை அவள் ஜாடியில் ஊற்றினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னிக்குப் புளிச்சுத்தான் இருந்துச்சு. நீ பீப்பாய ஒழுங்காக் கழுவல. பாவம், ஈஸ்ட்டைப் போய்க் கொன்னுட்ட."

சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ரோஷத்தையும் தள்ளிக்கொண்டு ஒரு கேள்விதான் முன்னால் நின்றது. டீ குடிக்கிற மனிதர் யாருக்காக பீர் காய்ச்சுகிறார்?

ஜிக்மாஸின் மனைவி ஸ்டெஃபா வேலி வரைக்கும் கூட வந்தாள். வழியில் பன்றிப் பட்டி. உச்சிவெயிலில் மூன்று பன்றிகளும் காலைப் பரப்பிக்கொண்டு குறட்டை விட்டன. ஒன்று மட்டும் எழுந்து நடக்கப் பார்த்து, சுவரில் முட்டிக்கொண்டு, மறுபடியும் படுத்துவிட்டது.

"என்னக்கா, இதுங்களுக்கு ஏதாவது சீக்கா?"

"சீக்கா? போதைடி!" ஸ்டெஃபா தலையில் அடித்துக்கொண்டாள். "வயித்துல ஆபரேஷன் பண்ணதுலேருந்து அவர் ஒரு சொட்டுத் தொடக் கூடாது. நான் என்னிக்குமே குடிச்சதில்ல. டாக்டர் சொன்ன அன்னிக்கே தன்னோட ஜாடியக் கொட்டிட்டார். உன்னோடத மட்டும் விடல. வருஷா வருஷம் ஒரு பீப்பாய் காய்ச்சி, ஈஸ்ட்ட எடுத்துக்கிட்டு, பீர இதுங்களுக்கு ஊத்துறார். ஏன்யா உனக்கு இந்த வேலைன்னு கேட்டா, அவ கொடுத்து வச்சத நான் எப்படிச் சாகவிடுறதுங்கிறார்."

நன்றி என்ற சொல் அல்டோனாவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து அதை உள்ளேயே விழுங்கினாள்.

பிறகு வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஜிக்மாஸண்ணே! ஞானஸ்நானத்துக்கு ரெண்டு பேரும் வந்துடணும்! புளிச்சிருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு இந்தப் பன்னிங்களையும் கூட்டிட்டு வாங்க!"

ஜன்னலில் யாரும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"முதல்ல போய் பீப்பாயக் கழுவு!"