பானுக்காவைக் கிளப்பும் வேலை

“கதவைத் திறங்க பானுக்கா! பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு.”

அண்ணாதுரை மூன்றாவது தடவையாக இரும்பு கேட்டைத் தட்டினார். அவர் வீடு அதே மாடியில் நான்கு கதவு தள்ளி. எட்டு மணிக்குள் இங்கே இரண்டு தடவை வந்து போய்விட்டார்.

“எனக்கு முழங்கால் வலிக்குது தம்பி. நீங்க போய்ட்டு வாங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“நான் மட்டும் போய் என்ன செய்ய? உங்களக் கூட்டிட்டு வர்றேன்னு வித்யாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்.”

வித்யா, கீழ்த்தளத்தில் இருக்கும் மூத்தோர் நிலையத்தின் பொறுப்பாளர். சிங்கப்பூரின் செங்காங் பேட்டையிலிருந்து லிட்டில் இந்தியா தீபாவளிச் சந்தைக்கு நாற்பது பேரை அழைத்துப் போகிறாள். போன வாரம் அண்ணாதுரையை வீடு தேடி வந்து பார்த்தாள்.

“அங்கிள், பானு ஆண்ட்டி தனியா இருக்காங்க. எதுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்குறாங்க. நீங்கதான் ஹெல்ப் பண்ணணும்” என்றாள். ‘தொண்டூழியர்’ என்று எழுதிய அட்டை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அண்ணாதுரை அந்த அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. கப்பல் பட்டறையில் முப்பது வருடம் மேற்பார்வை பார்த்தவர். மனைவி இறந்துபோன இந்த எட்டு மாதத்தில் கை காலுக்கு வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு, மேய்ப்பதற்கு ஓர் ஆள் கிடைத்தது போலிருந்தது. காலையில் சுவா சூ காங்கிலிருந்து மகன் ஷங்கர் பேசியபோதுகூட, “வேலை இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. சாயிரா பானு, எழுபத்து மூன்று வயது, நல்ல சேலை கட்டி முக்காடு போட்டு, கைப்பையோடு நின்றார். வாய் மட்டும் வரமாட்டேன் என்றது. பிடிவாதக்காரர்களை யாரால் புரிந்துகொள்ள முடியும்?

“நான் இன்னும் பசியாறல” என்றார்.

“அப்ப சட்டுன்னு சாப்பிடுங்க!”

“தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குது தம்பி. நீங்களும் உக்காருங்க.”

மணி எட்டு பத்து. இந்தப் பெண்மணியோடு வாதாடுவதைவிடச் சாப்பிட்டுத் தொலைப்பது வேகம் என்று அவருக்குத் தோன்றியது. பானு எடுத்துவைத்த நான்கு இடியப்பத்தைத் தேங்காய்ப்பாலில் தோய்த்து அவசர அவசரமாக விழுங்கினார். பானு ஒன்றையே பிய்த்துக்கொண்டிருந்தார்.

“ஆச்சா? கிளம்புவோமா?”

“இந்தச் சட்டைக்குப் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்லா. நாலு நாளா இதையேதான் போட்டிருக்கீங்க. தாடி வேற.”

“நாம என்ன, பொண்ணு பாக்கவா போறோம்?” என்று அண்ணாதுரை சீறினார். ஆனாலும் வீட்டுக்கு ஓடினார். தாடியை வழித்ததில் மோவாயில் ஒரு கீறல். அலமாரியின் அடியில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு திரும்ப ஓடி வந்தபோது மணி எட்டு நாற்பது.

பானு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “வேணாம் தம்பி. கூட்டம்னாலே எனக்குப் பயமா இருக்கு. வீட்லயே இருந்துடுறேன்.”

அண்ணாதுரைக்குப் பொறுக்கவில்லை.

“இப்படியே கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தா என்னாகும் தெரியுமா? இன்னைக்கு வேணாம், நாளைக்கு வேணாம்னு நாளு ஓடிடும். ஒருநாள் உள்ளயே முடிஞ்சு போயிருப்பீங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது. போனவங்க போயிட்டாங்க. இருக்குறவங்க கொஞ்சம் வெளிய வந்து காத்து வாங்குனா என்ன தப்பு?”

சொல்லி முடித்தபோது அவருக்கே இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாமோ என்று சங்கடமாக இருந்தது.

பானு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “நெசந்தான் தம்பி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வாங்க போவோம்.”

அதற்குப் பிறகு அந்த முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணாதுரைக்கு முன்னால் லிஃப்ட் வாசலில் போய் நின்றார் பானு.

பஸ் வாசலில் வித்யா பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்தாள். மணி எட்டு ஐம்பத்தெட்டு.

“பாத்தியாம்மா, கொண்டாந்து சேத்துட்டேன்! உயிர வாங்கிட்டாங்க” என்றார் அண்ணாதுரை.

“சூப்பர் அங்கிள்! ரெண்டு பேரும் வந்துட்டீங்க, அது போதும்” என்று வித்யா இருவர் பெயருக்கும் நேராகக் குறி போட்டாள்.

பானுவை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, அண்ணாதுரை தலைகளை எண்ணக் கிளம்பிவிட்டார். கைத்தடிகளை ஓரமாக வைக்கச் சொன்னார், ஒரு சீனத் தாத்தாவுக்கு பெல்ட் மாட்டிவிட்டார், ஓட்டுநரிடம் ஏதோ கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பஸ் நகர்ந்தது.

அவர் முன்பக்கம் போய்விட்டாரா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பானு கைப்பேசியைக் காதில் வைத்தார்.

“ஷங்கர், உங்கப்பாவ ஒருவழியா பஸ்ஸுல ஏத்திட்டேன்லா.”