கூப்பிட்ட குரலுக்கு ஒரு மரக்குழு

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னதும் ஊரே பெருமூச்சு விட்டது. சின்னதுரை மட்டும் விசில் அடித்தார்.

காரணம், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் நின்ற ஒரு தேக்கு மரம். பூட்டிக் கிடந்த ஒரு கம்பெனியின் பின்பக்கம், இரண்டு கைக்குள் அடங்காத பருமனில் நின்ற அதன்மேல் மூன்று வருடமாகக் கண் வைத்திருந்தார். மே மாதம் மகள் ஏஞ்சலினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரே ஒரு தேக்குக் கட்டில் போதும் என்றார்கள். "ஒரே மரத்துல பண்ணதா போட்டுர்றேன் சம்பந்தி" என்று மீசையைத் தடவிக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டார். யாருடைய மரம் என்று நல்லவேளை ஒருவரும் கேட்கவில்லை.

புயலுக்கும் மழைநீர்க் கால்வாய் வேலைக்கும் கூப்பிட்ட நேரத்தில் வந்து மரம் வெட்ட, பேரூராட்சி இந்த வருடம் ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தியிருந்தது. அவருடைய ஆட்களுக்கு ஆரஞ்சு ஜாக்கெட், முதுகில் 'அவசர மரக்குழு' என்ற எழுத்து. புயலுக்கு மறுநாள் அந்த ஜாக்கெட்டோடு யார் எதை வெட்டினாலும் ஊர் கும்பிடுமே தவிரக் கேள்வி கேட்காது. அதுதான் சின்னதுரையின் திட்டம்.

மனைவி விக்டோரியா இரண்டு பழைய ஆரஞ்சு ஃபேக்டரி ஜாக்கெட்டில் பெயின்ட்டால் அதையே எழுதிக் கொடுத்தாள். "மாட்டிக்கினா என் பேரைச் சொல்லாத" என்று வாழ்த்தியும் அனுப்பினாள்.

காலை ஏழரை மணி. மெஷின் ரம்பமும் கயிறுமாக, மச்சான் ஜோஷ்வா ஓட்டிய குட்டியானை லோடு வண்டி சிப்காட் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்கள். இந்தப் பக்கம், உடைந்த குடையோடு பேரூராட்சி செயல் அலுவலர் அருணா.

"முப்பது தடவை போட்டாச்சு, அந்த ஆதிகேசவன் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப்! இவரெல்லாம் ஒரு கான்ட்ராக்டர்!" என்று பொரிந்துகொண்டிருந்தவர், ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "அப்பாடா, நீங்களாவது வந்தீங்களே! எங்க உங்க ஆதிகேசவன்?"

சின்னதுரையை வாய் கைவிடவில்லை.

"அவரு வேற சைட்ல மரம் வெட்டிக்கினு இருக்காரு மேடம். அங்க டவர் இல்ல."

"அப்படியா? பாவம், நான்தான் சும்மா திட்டிட்டேன். சீக்கிரம் எடுங்க!"

வேறு வழியில்லை, எடுத்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நைஸாக நழுவலாம் என்று திரும்பினால், அருணா குட்டியானையின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அடுத்து ரேஷன் கடை. ஓட்டுங்க!"

ரேஷன் கடைக் கூரையிலிருந்து வாகை மரத்தை இறக்கினார்கள். கால்வாய்ப் பள்ளத்தில் சாய்ந்து நின்ற வேப்ப மரத்தைக் கயிறு போட்டு நிமிர்த்திக் கட்டினார்கள். ஜே.சி.பி. டிரைவரே இறங்கி வந்து கைகொடுத்தார்.

அங்கிருந்து கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருக்க, மாப்பிள்ளை காருக்கு முன்னால் ஒரு புங்க மரம் படுத்திருந்தது. பத்தே நிமிடத்தில் வழி விட்டார்கள். பெண்ணின் அப்பா ஓடிவந்து சின்னதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, நீ நல்லா இருக்கணும்!" என்று அழுதேவிட்டார். தானும் பெண்ணைப் பெற்றவர்தானே, சின்னதுரைக்கும் கண் கலங்கியது.

பந்தியில் உட்காரவைத்து வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள்.

"மாமா, நம்ம மரம்?" என்று ஜோஷ்வா காதைக் கடித்தான்.

"துன்றா மொதல்ல. அது இன்னா எழுந்து ஓடியா பூடப் போவுது?"

சாயங்காலத்துக்குள் பதினோரு மரம். போன இடமெல்லாம் சார், சார் என்றார்கள். இத்தனை வயதில் சின்னதுரையை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உடம்பெல்லாம் வலித்தாலும் கால் தரையில் பாவவில்லை. "அடுத்த வருஷம் நீங்களே தனியா டெண்டர் போடுங்க" என்று சொல்லிவிட்டு அருணா இறங்கிப் போனபோது மணி ஐந்து.

குட்டியானை பறந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் தணிகாசலம் சல்யூட் அடித்தார்.

"இன்னா சார், திரும்பியும் வந்துக்கீறீங்க? அந்தத் தேக்கு விழுந்துரும், டேஞ்சர்னு சொல்லி உங்காளுங்க காலையிலயே வெட்டி ஏத்திக்கினு பூட்டாங்களே!"

இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். முழங்கால் உயரத்துக்கு அடிமரம் மட்டும் நின்றது. சுற்றிலும் ஈர மரத்தூள். சின்னதுரை அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏஞ்சலினின் கட்டில் கண் முன்னால் வந்து போனது.

"மாமா, நம்மள மாதிரியே எவனோ டூப்ளிகேட் ஜாக்கெட் மாட்டிக்கினு வந்துக்கீறான்!" என்று ஜோஷ்வா கிசுகிசுத்தான்.

சின்னதுரைக்கு ரத்தம் கொதித்தது. வாட்ச்மேனிடம் திரும்பி வந்து, "யாரு, எவருன்னு பாக்காம திருட்டுப் பசங்கள உள்ள வுடுவியா? நாட்டுல நேர்மையே இல்லாம பூட்ச்சு!" என்று கத்தினார்.

தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா பாக்காம வுடுவேன்? ஐடி கார்டு பாத்தேன், கையெழுத்து வாங்கினேன். நீங்களே பாருங்க!" என்று கேட் நோட்டை நீட்டினார்.

நேரம் ஏழரை. பக்கத்தில் கையெழுத்து, அதன்மேல் பளிச்சென்று ரப்பர் ஸ்டாம்பு. சின்னதுரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

அருணா மேடத்திடம் அவர் சொன்னது பொய்யே இல்லை. கான்ட்ராக்டர் ஆதிகேசவன் அப்போது நிஜமாகவே வேறு சைட்டில்தான் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.