ஓடாத காலுக்கு அசதி

மாலை ஐந்தே கால். தெரபி அறை வாசலில் ஐந்து பேர். கடைசி ஆள் சிட்டு.

"இன்னிக்கு ஓட்டக்காரங்களுக்கு ஓய்வு நாளாச்சே. ஓடாத காலுக்கு என்னடி அசதி?" என்றாள் குண்டு எறிதல் வீராங்கனை.

"ஓசி கரன்ட். விடுவாளா?" என்றாள் இன்னொருத்தி.

சிட்டு சிரித்துவைத்தாள்.

பயிற்சியில் அசந்துபோன கால்களில், முழங்காலுக்குக் கீழே குறிப்பிட்ட புள்ளிகளில் பேட் ஒட்டி, லேசாக மின்சாரம் விடுவார் தெரபி அக்கா. கால் விரல்கள் தானாகத் துடிக்கும். இருபது நிமிடத்தில் அசதி குறையும்.

அன்றைக்குக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் அது. சிட்டு மூன்று மாதமாகத் தினமும் வருகிறாள்.

விஷயம் பயிற்சியாளர் காதுக்குப் போய்விட்டது. காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னார்.

"எப்பப் பார்த்தாலும் அசதின்னா ஐயாயிரம் மீட்டர் எப்படி ஓடுவே? இன்னொரு தடவை அங்க போய்ப் படுத்தே, ஞாயித்துக்கிழமை லிஸ்ட்ல உன் பேர் இருக்காது."

"சரி சார்" என்று சொன்னவள்தான் இப்போது வரிசையில் நிற்கிறாள்.

ஆறு மணிக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள். கையில் லிஸ்ட்டும் பேனாவுமாகப் பயிற்சியாளர் வந்தார்.

கதவு திறந்திருந்தது. அக்கா வாசலுக்கு முதுகு காட்டி, சிட்டுவின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் போனதிலேருந்து வீட்ல பேச்சுக்கு ஆளில்ல சிட்டு. டிவியப் பேசவிட்டுட்டுத்தான் சமைக்கிறேன். நேத்து மறந்துபோய் ரெண்டு தட்டு வெச்சுட்டேன்."

"ரெண்டாவது தட்ட என்னக்கா பண்ணீங்க?"

"அதையும் கழுவி வெச்சேன்."

பயிற்சியாளர் சிட்டுவின் கால்களைப் பார்த்தார். பேட் ஒட்டியிருந்தது. விரல்கள் துடிக்கவில்லை. மெஷினைப் பார்த்தார். சுவிட்சே போடவில்லை.

சொல்ல வாயெடுத்தார். சிட்டு உதட்டின்மேல் விரல் வைத்தாள்.

அக்கா திரும்பினார். "வாங்க சார். மூணு மாசமா கரன்ட் வெக்கிறேன், இவளுக்கு மட்டும் அசதி போகவே மாட்டேங்குது, பாருங்க."

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"எனக்கும் கால் கடுக்குதுக்கா. நானும் வரலாமா?"

"கடைசியா வாங்க சார். அப்பத்தான் நிதானமா பார்க்க முடியும்."

மார்ச் 9, ஞாயிறு: ஐயாயிரம் மீட்டரில் சிட்டு மூன்றாவது.

மார்ச் 10, ஓய்வு நாள். மாலை ஆறு மணிக்குத் தெரபி அறை வாசலில் இரண்டு ஜோடி ஷூக்கள் கிடந்தன.