தேறிய ஒரே கோப்பு

திரையில் வரிகள் மளமளவென்று இறங்கின.

ஒலிக்கோப்பின் பெயர், நீளம், கடைசியில் அதன் தரத்தைச் சொல்லும் எண். 8000. 8000. 8000.

பிழைப்பே நிரல் எழுதுவதுதான் என்றாலும், தன் நிரலில் தப்பு இருக்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டது இன்றைக்குத்தான்.

நிரலில் தப்பில்லை.

குரல் செய்து தரும் நிறுவனம் கேட்டது 44100. அந்தத் தரத்தில் அவன் மனைவியின் குரலை அனுப்பினால், எழுதுவதையெல்லாம் அவள் குரலிலேயே பேசும் செயலி ஒன்றைச் செய்து தருவார்கள். காலையில் மின்னஞ்சல் வந்திருந்தது. தரம் போதாதாம், மறுபடி பேசிப் பதிந்து அனுப்ப வேண்டுமாம்.

மறுபடியாம்.

ஏதோ ஒன்றிரண்டு கோப்புகளாக இருக்கும் என்றுதான் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சோதிக்க உட்கார்ந்தான். அத்தனையும் சொத்தை.

ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து விறுவிறுத்து அவள் படித்த வாக்கியங்கள். நாளை மழை வரலாம். நீல நிறப் பேருந்து போய்விட்டதா? எனக்கு இன்னொரு தலையணை வேண்டும்.

"யாருங்க இதெல்லாம் எழுதினது? இவ்வளவு பெரிய பட்டியல்ல உங்களைத் திட்டுறதுக்கு ஒரு வரி இல்ல பாருங்க" என்று நடுவில் அலுத்துக்கொண்டாள். சரியான வாயாடி. அவள் வேலை பார்த்த துணிக்கடையில் அவள் பேச்சில் மயங்கியே ரெண்டு உருப்படி கூட வாங்கிப் போனவர்கள் உண்டு.

ஃபோனில் இடம் போதவில்லை என்று தரத்தைக் குறைத்து வைத்தது அவன்தான். பேச்சுத்தானே, பாட்டா என்ன என்று அப்போது நினைத்தான்.

எண்ணை மாற்ற ஒரு வரி போதும். மாற்றியும் பார்த்தான். எண் ஏறியது. குரல் கிணற்றுக்குள்ளேயே கிடந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டியலின் உச்சிக்குப் போனான். முதல் கோப்பு மட்டும் தேறியிருந்தது. தரத்தைக் குறைப்பதற்கு முன்னால், சும்மா வெள்ளோட்டம் பார்த்தது.

தோளில் ஒரு கை. மனைவிதான். என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்தினாள்.

அவன் அந்தக் கோப்பைத் தட்டினான்.

"காது கேக்குதா? ஓடுதா இல்லையா? நான் பாட்டுக்கு லூசு மாதிரி பேசிக்கிட்டிருக்கேன், நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"

அவள் மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

அவள் திடுக்கிட்டாள். பிறகு குரல்வளையை எடுத்துவிட்ட தொண்டையில் போட்டிருந்த கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள்கள் குலுங்கின, துளிச் சத்தம் வரவில்லை.

செயலி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். தன்னைத் திட்டும் வரியை அவனே எழுதிப் பேசவைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

இன்னும் நிறைய பாக்கி இருக்கு.

தட்டிவிட்டு, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.