கரும்புள்ளி

பூங்கோதையின் மகளுக்குப் பத்து வயதிலும் மூன்று வயதுக் குழந்தையின் அறிவுதான். மாமியார் ராஜாமணி, பூங்கோதைக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை.

"எங்கண்ணன் ரத்தம் சுத்தம்டி. அசல்லேருந்து வந்த உங்கம்மா கொண்டாந்த வினை இது!" என்பாள் அத்தை.

மரபணு மருத்துவர் வம்சப்படம் வரைந்து, கோளாறைச் சுமந்தவர்கள் மேல் கரும்புள்ளி வைத்தார். அப்பா மேல் ஒன்று, அத்தை மேல் ஒன்று. அம்மா மேல் இல்லை.

கொழுந்தனுக்கும் சொந்தத்திலேயே, பூங்கோதையின் சித்தப்பா மகளை நிச்சயம் செய்யும் நாள் வந்தது. எந்த நிச்சயத்திலும் ஓலை வாசிப்பது அத்தையின் கணீர்க் குரல்தான். வெற்றிலைத் தட்டில் ஓலைக்குப் பதில் படத்தை வைத்து நீட்டினாள் பூங்கோதை. பிரித்த அத்தையின் விரல் தன் பெயரிலேயே நின்றுவிட்டது.

"சத்தமா வாசிங்க அத்தை," என்றாள். "எங்கம்மாவைக் கடைசி வரிசையில உக்கார வச்சிருக்கீங்க. அங்க வரைக்கும் கேக்கணும்."